துரும்பைக் கிள்ளியவர்களும் பிள்ளையைக் கேட்டவளும்

எனக்குப் பயம் வந்தால் முதல் தகவல் வயிற்றுக்குத்தான் போகும். மூளைக்கு அது சாவகாசமாகத் தெரியவரும். இங்கே எழுதப்போகிற காரியத்தில் என் வயிறு பட்ட பாட்டில் பாதிகூட நான் படவில்லை. ஆனாலும் அந்தக் காரியத்தில் நானும் ஒரு ஓரமாக நின்றேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ராஜபாளையத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறைகள். மில்லுக்கும் தறிக்கும் வேலைக்குப் போகிற பெண்களுக்காக நடந்த சின்ன அமைப்பு அது. களப்பணிக்கு ஏழு பேர் இருந்தோம். ஆறு பேர் பெண்கள், ஏழாவது நான். மதுரையில் சமூகப் பணியாளர்களுக்குக் குடும்பச் சட்டம் சொல்லித்தருகிறார்கள், ஒரு ஆளை அனுப்பலாம் என்று தகவல் வந்தது. மற்ற ஆறு பேருக்கும் வீட்டில் உலை வைக்க வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். எனக்குச் சமைக்கவும் தெரியாது, கல்யாணமும் ஆகவில்லை. இந்தத் தகுதிகளின் பேரில் நான் தேர்வானேன்.

மதுரையிலிருந்து திரும்பியபோது என் நடையே மாறிவிட்டதாக எங்கள் அக்கா சொன்னார். அக்கா என்றால் சொந்த அக்கா இல்லை. எங்களில் மூத்த பணியாளர், வத்திராயிருப்புக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு, மத்தியானம் என் சட்ட வகுப்பில் முன்வரிசையில் வந்து உட்காருவார். கற்றுக்கொள்வதற்கு என்று சொல்வார். என்னைக் கவிழ்ப்பதற்கு என்பது எனக்குத் தெரியும்.

"வக்கீலய்யா வந்துட்டாக. எல்லாரும் எந்திரிங்க" என்பார். ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

வகுப்பில் நான் சொல்லித்தந்தது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு பெண் அழுதுகொண்டு வந்தால் தண்ணீர் கொடுத்துவிட்டு என்னென்ன கேட்க வேண்டும் என்பதுதான். எந்த முறையில் கல்யாணம், கோயிலிலா சர்ச்சிலா பள்ளிவாசலிலா, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு. பிள்ளைகள் உண்டா, என்ன வயசு, இப்போது யாரிடம். அவள் கேட்பது என்ன: சேர்ந்து வாழவா, பிரியவா, வேறு எதற்காவதா. கடைசிக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நானே கரும்பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். அந்தக் கோடுகளைப் பற்றி அக்கா பிற்பாடு நிறையப் பேசினார்.

ஒரு திங்கட்கிழமை, மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசு இருக்கும். வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரத்தில் பிறந்தவள், ராஜபாளையத்தில் வாக்கப்பட்டவள். புருஷன் பஞ்சு மில்லில் வேலை. கை நீட்டுகிற ஆள். அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் பின்னாலேயே தன் பக்கத்துப் பெரிய ஆட்களோடு போயிருக்கிறான். இரண்டு வீட்டாரும் கூடிப் பேசி, அவர்கள் சாதி வழக்கப்படி துரும்பு கிள்ளித் தீர்த்துவிட்டார்கள்.

அந்த வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துப் புருஷன் ஒரு முனையையும் பெண்டாட்டி ஒரு முனையையும் பிடிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர் நடுவில் கிள்ளிவிடுவார். அவ்வளவுதான் கல்யாணம் தீர்ந்தது. பிறகு அவன் வேறு கட்டலாம், அவளும் வேறு கட்டலாம், யாரும் ஏன் என்று கேட்க முடியாது.

கிள்ளி முடித்ததும் அவன் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "அப்போ புள்ளை எங்களுக்கு" என்று சொல்லிப் பாயில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். பெண் குழந்தை. அப்போது இரண்டு வயசு நிரம்பவில்லை. இவள் எங்கள் மாடிக்கு வந்த அன்றைக்கு அது நடந்து எட்டு மாசம் ஆகியிருந்தது.

"எனக்கு அவரு வேண்டாம் சார். அது முடிஞ்சு போச்சு" என்றாள். "எம் புள்ள வேணும்."

இவ்வளவு தெளிவாக ஒருத்தி சொன்ன பிறகு என்ன செய்ய வேண்டும்? அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, மதுரையில் கற்றதையெல்லாம் தொண்டைக்குக் கொண்டுவந்து, "பயப்படாதம்மா. துரும்பு கிள்ளுறது சட்டப்படி செல்லாது. கோர்ட்டு தவிர வேற யாரும் கல்யாணத்தைத் தீர்க்க முடியாது. நீ இன்னும் அவருக்குப் பொண்டாட்டிதான்" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. அக்கா பக்கத்து மேஜையில் பேனாவை மூடி வைத்தார்.

"ஏலே, அந்தப் புள்ள அவன் வேண்டாம்னுதான சொல்லுது? நீ எதுக்கு மறுபடியும் தாலி கட்டி வைக்க?"

"நான் சட்டத்தைச் சொன்னேன்க்கா."

"நல்லாச் சொன்ன. இன்னும் செத்த நேரம் விட்டா மறுவீட்டுக்குப் பலகாரமும் வாங்கிக் குடுத்துருவ."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் வக்கீலைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். வழியில் சட்டப் புத்தகத்தைத் திறந்து, நான் அடித்துச் சொன்னதை ஒரு தடவை கண்ணால் பார்த்து ரசிக்கலாம் என்று புரட்டினால், இந்துத் திருமணச் சட்டத்தின் இருபத்தொன்பதாவது பிரிவு என்னைப் பார்த்துப் பல்லை இளித்தது. வழக்கத்தால் அங்கீகரிக்கப்பட்ட மணமுறிவு உரிமையை இந்தச் சட்டம் பாதிக்காது என்று அச்சடித்திருந்தது. அப்படியென்றால் அந்தச் சாதியில் வழக்கம் உண்டு என்று நிரூபித்துவிட்டால் துரும்பு செல்லும். துரும்பு செல்லும் என்றால், துரும்போடு சேர்த்து எடுத்துப்போன பிள்ளையும் செல்லுமோ? வயிற்றுக்குத் தகவல் போய்விட்டது. வண்டி ஊரைத் தாண்டிக் கிருஷ்ணன்கோவில் போய்விட்டதோ, இது எந்த ஊர் என்றுகூடத் தெரியாமல், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துகொண்டு கண்டக்டரிடம், "அண்ணே, ஸ்ரீவில்லிபுத்தூர் எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"இறங்குனா வந்துரும்" என்றார்.

எங்கள் வக்கீல் ஒரு பெண். என் வயசுதான். தேரடிக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் அலுவலகம். நான் மூச்சு வாங்க மூச்சு வாங்க இருபத்தொன்பதாவது பிரிவை ஒப்பித்தேன். அவர் ஒரு பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடுங்க சார். துரும்பு செல்லும்னு வச்சுக்கிடுவோம். செல்லாதுன்னும் வச்சுக்கிடுவோம். ரெண்டுல எதுன்னாலும் அந்தம்மாவுக்குப் பிள்ளை வேணும். அப்படித்தான?"

"ஆமா."

"பிறகு எதுக்குத் துரும்பைப் பிடிச்சுத் தொங்குறீங்க? புருஷன் பொண்டாட்டி தீர்த்துக்கிடலாம். பிள்ளையை யாரும் தீர்த்துவிட முடியாது. அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளை சாதாரணமா அம்மாகிட்ட இருக்கணும்னு சட்டம் சொல்லுது. சாதாரணமான்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, அங்கதான் எதிர்க்கட்சி வந்து நிக்கும். இந்த அம்மாகிட்டப் போனா பிள்ளைக்கு நல்லதில்லன்னு சொல்வாங்க. அதுக்கு என்கிட்டப் பதில் இல்ல, நான் வீட்டைப் பாக்கல. அதைப் பாக்கத்தான நீங்க இருக்கீங்க?"

அதுவரைக்கும் நான் அரை வக்கீல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முழுசாக ஒரு சமூகப் பணியாளன் ஆனது அந்தப் பால்கோவாவைத் தின்று முடித்தபோதுதான்.

வழக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பேசிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அக்காவும் நானும் புருஷன் வீட்டுக்குப் போனோம். எங்கள் ஊர் நாய்க்குப் பேர் போனது. வேட்டை நாய், வெள்ளை நாய் என்று வெளியூர்க்காரர்கள் விசாரிப்பார்கள். என்னை அன்றைக்குத் தெரு முனையிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் துரத்தியது எந்தப் பேரும் இல்லாத ஒரு செவலைக் குட்டி. அக்காவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். சமாதானம் பேசப் போகிறவனுக்கு இது நல்ல தொடக்கம் இல்லை.

உள்ளே பார்த்ததும் நாயை மறந்துவிட்டேன். அந்தப் பெண்ணின் மாமியார் தரையில் உட்கார்ந்து, குழந்தைக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். குழந்தை கொழுகொழு என்று இருந்தது. தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, நெற்றியில் பொட்டு. அழுக்குப் பாவாடையும் மூக்குச் சளியுமாக ஒரு பிள்ளையைத்தான் நான் மனசில் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். பிள்ளை நன்றாக இருந்தது. அதுதான் எனக்குக் கிலி. பிள்ளை நன்றாக இருக்கிற வீட்டிலிருந்து பிள்ளையை வாங்க வந்திருக்கிறோம்.

"புள்ளையக் கேக்க வந்துருக்கீகளா?" என்றார் மாமியார், கவளத்தை உருட்டிக்கொண்டே. "எம் மவன் செஞ்சது சரின்னு நான் சொல்லல. அவன் கை நீட்டுற ஆளுதான். ஆனா இந்தக் குட்டி எங்கிட்ட வந்த புதுசுல ஒரு வாரம் அழுதா. நாந்தான் தூக்கிக்கிட்டே நடந்தேன். இப்ப வந்து குடுன்னா எப்படிக் குடுக்க?"

அக்காதான் கேட்டார். "அம்மா, இவளப் பெத்தவ அங்க எட்டு மாசமா அழுதுக்கிட்டு இருக்கா. அவளை யாரு தூக்கிக்கிட்டு நடக்க?"

மாமியார் குழந்தைக்கு வாயைத் துடைத்துவிட்டார். அதற்குள் மகன் வேலையிலிருந்து வந்து, "துரும்பு கிள்ளியாச்சு, போங்க" என்றான். வழக்குப் போட்டோம்.

வக்கீல் கேட்டபடி நான் கான்சாபுரத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு தடவை போனால் பெட்டியில் இருக்கிற புதுத் தட்டை எடுத்துவைத்து உபசரிப்பார்கள் என்று அக்கா எச்சரித்திருந்தார். அதனால் காலையில் ஒரு நாள், மத்தியானம் ஒரு நாள், சொல்லாமல் ஒரு நாள் என்று போனேன். அவள் தென்னந்தோப்பு வேலைக்கு விடியக் கிளம்பி மத்தியானம் திரும்புவாள். அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணன் பெண்டாட்டியிடம் சுற்றிவளைத்து, "பிள்ளை வந்தா உங்களுக்குச் சிரமமா இருக்குமே" என்று தூண்டில் போட்டேன்.

"எங்க வீட்டுல ஏற்கனவே ரெண்டு கெடந்து உருளுது. மூணாவதுக்கு ஒரு தட்டு வச்சா ஆச்சு" என்றாள் அவள். "நீங்க எதுக்கு அடுப்புக்குள்ள எட்டி எட்டிப் பாக்கீக? ஒங்களுக்கும் பசிக்கா?"

பசிக்கத்தான் செய்தது. கம்பங்கஞ்சி குடித்தேன். பால்வாடி எங்கே, டீச்சர் ஒழுங்காக வருகிறாரா, காய்ச்சல் வந்தால் எந்த நர்ஸ், கிணற்றுக்குச் சுவர் உண்டா என்று கேட்டுக் கேட்டு அந்தத் தெருவுக்கே என்னைப் பிடிக்காமல் போயிற்று. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகூட இம்புட்டுக் கேக்கல என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் விசாரணை நாள் வந்தது. நேரில் பார்த்ததை எழுதி என் பேரில் ஒரு பிரமாண வாக்குமூலம் கொடுத்திருந்தோம். ஆகவே என்னைக் கூண்டில் ஏற்றலாம் என்று வக்கீல் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அன்று காலையிலிருந்து நான் கோர்ட்டின் பின்பக்கத்துக்கும் முன்பக்கத்துக்குமாக நடந்த நடையைப் பார்த்து, வாசலில் நின்ற போலீஸ்காரர், "எந்தக் கேஸுலங்க ஒங்களைக் கொண்டாந்துருக்காக?" என்று அனுதாபத்தோடு விசாரித்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் துரும்பிலேயே தொடங்கினார். வழக்கப்படி தீர்ந்த கல்யாணம், ஊரே சாட்சி, அன்றைக்குப் பிள்ளையைக் கொடுக்கும்போது இந்தப் பெண் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை, ஆகவே சம்மதித்துத்தான் கொடுத்தாள் என்றார். பிறகு என் பேரைக் கூப்பிட்டார்கள்.

கூண்டில் ஏறும்போது முழங்காலை இடித்துக்கொண்டேன். நீதிபதி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நான், "இந்துச் சிறுவர் மற்றும் காப்பாளர் சட்டம், ஆறாவது பிரிவு" என்று ஆரம்பித்து விட்டேன். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற அதே ராகம். எங்கள் வக்கீல் தலையைக் குனிந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அதை நாங்க பாத்துக்கிடுறோம்" என்றார் நீதிபதி. "இந்தம்மா வேலைக்குப் போற நேரத்துல குழந்தை யார்கிட்ட இருக்கும்?"

இந்தக் கேள்விக்குப் பிரிவு எண் கிடையாது. அதனால்தானோ என்னவோ எனக்குப் பதில் வந்தது. காலையில் அண்ணி, பிறகு பால்வாடி, அது இரண்டு தெரு தள்ளி, ரோட்டைத் தாண்ட வேண்டியதில்லை, மத்தியானம் அம்மா வந்துவிடுவாள், கிணற்றுக்கு இடுப்பளவு சுவர் உண்டு என்று சொன்னேன். அண்ணி வாய்த்துடுக்கு, ஆனால் தட்டில் வஞ்சனை கிடையாது என்றும் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். நீதிபதி எழுதிக்கொண்டார். புருஷன் வீட்டில் குழந்தையை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். கீழே நிற்கிற அந்தப் பெண் என்ன நினைப்பாள்?

"நல்லா வச்சிருக்காங்க அய்யா. அந்த அம்மா நல்லாப் பாத்துக்கிடுறாங்க" என்றேன்.

கூண்டிலிருந்து இறங்கும்போது வழக்கையே தோற்கடித்துவிட்டேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ராஜபாளையத்துக்கு நடந்தே போய்விடலாமா என்று யோசித்தேன்.

நீதிபதி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். அன்றைக்குப் பிள்ளையைக் கொண்டுபோகும்போது ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்டார். அவள் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெரிய ஆட்கள் பேசும்போது நாங்க பேசுற வழக்கம் இல்ல அய்யா. துரும்புல ஒரு முனை அவரு பிடிச்சாரு, ஒரு முனை நான் பிடிச்சேன். அது எங்க ரெண்டு பேருக்கும் உள்ளது. எம் புள்ள கையில யாரும் துரும்பு குடுக்கலியே."

கோர்ட்டில் யாரும் கை தட்டுவதில்லை. அக்கா என் தொடையைக் கிள்ளினார். இன்றைக்கும் அந்த இடத்தைக் காட்டச் சொன்னால் காட்டுவேன். நான் மதுரையில் போய்ப் படித்துவிட்டு வந்து, கரும்பலகையில் எழுதி, பஸ்ஸில் படித்துப் பயந்து, பால்கோவா தின்று புரிந்துகொண்ட சட்டத்தை அவள் நின்ற இடத்திலேயே சொல்லி முடித்துவிட்டாள். எங்கள் மாடியில் தண்ணீர் குடித்தவள் இவள் என்று எல்லாரையும் பிடித்து நிறுத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

வழக்கு முடியும்வரை குழந்தை தாயிடம் இருக்கட்டும், தகப்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கலாம் என்று உத்தரவாயிற்று. நான் இன்னும் நம்பாமல் வக்கீலிடம் இரண்டு தடவை கேட்டேன். "சார், தமிழ்லதான் சொன்னேன்" என்றார்.

குறித்த நாளில் கோர்ட்டு வளாகத்து வேப்பமரத்தடியில் குழந்தையை ஒப்படைக்க வந்தார்கள். மகன் குழந்தையின் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி நின்றான். மாமியார் இடுப்பில் குழந்தை. தாயைப் பார்த்தால் பாய்ந்து வரும் என்று நான் நினைத்திருந்தேன். இந்தக் காட்சிக்காகவே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். இவள் இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை இவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாமியாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீரிட்டது.

"பாத்தீகளா, புள்ளைக்கே பிடிக்கல" என்றான் மகன். குரலில் ஜம்பம் இல்லை, அவனுக்கும் அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

உத்தரவு கையில் இருக்கிறது, வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று சட்டம் சொல்லும். வாங்கினால் அந்த வளாகமே அதிரும்படி குழந்தை கத்தும். நான் வக்கீலைப் பார்த்தேன். வக்கீல் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். மூன்று பேரில் யாருக்கும் அதற்குப் பாடம் நடத்தியிருக்கவில்லை.

அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தாள். பிறகு மாமியாருக்குப் பக்கத்தில் போய், குழந்தையைத் தொடாமல் நின்றாள்.

"அத்தை, நீங்களே தூக்கிக்கோங்க. என்கூடப் பஸ்ஸுக்கு வாங்க. அவ தூங்குற வரைக்கும் இருங்க."

"நானா? ஒங்க வீட்டுக்கா?"

"அவளை வேற யாரு கூட்டிட்டு வருவா?"

மாமியார் மகனைப் பார்த்தார். அவன் துணிப்பையை என் கையில் திணித்துவிட்டு டீக்கடைப் பக்கம் போனான். எங்கள் வக்கீல் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே, "இது உத்தரவுல இல்ல சார்" என்றார் மெதுவாக.

எல்லாருமாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். முன்னால் அந்த இரண்டு பெண்களும். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நான். கல்யாண வீட்டுச் சீர் கொண்டுபோகிறவன் மாதிரி என்று அக்கா சொன்னார். சொல்லட்டும். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்ததைப்போல நான் பிறகு எந்த மேடைக்கும் நடந்ததில்லை. வத்திராயிருப்பு வண்டி நின்றது. மாமியார் குழந்தையோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது களைத்த குழந்தை விக்கிக்கொண்டே, தன் கால் ஒன்றை மட்டும் அவள் மடியில் போட்டுக்கொண்டது. அவள் அந்தக் காலைப் பிடிக்கவில்லை. அசையாமல் இருந்தாள்.

நான் ஜன்னல் வழியாகப் பையை நீட்டினேன். வண்டி உறுமியது.

"ஏட்டி, திரும்பி வாரதுக்குக் கடைசி வண்டி எப்ப இருக்கு?" என்று கேட்டார் மாமியார்.

"காலையில நெறைய வண்டி இருக்கு அத்தை" என்றாள் அவள்.